கல்லாவுக்கும் கோட்டைக்கும் நடுவே ஒரு மண்டிக்காரர்

நீலகிரி மாவட்டத்துக்குச் சட்டமன்றத் தொகுதிகள் மூன்றுதான்: உதகமண்டலம், குன்னூர், கூடலூர். ஆனால் எம்.எல்.ஏ. ஆகிவிட வேண்டும் என்று எப்போதாவது ஆசைப்பட்ட வியாபாரிகளைக் கணக்கெடுத்தால் கடைவீதிக்கு நாலு பேர் தேறுவார்கள். உரக்கடைக்காரர், லாட்ஜ் முதலாளி, மர வியாபாரி, தேயிலைத் தொழிற்சாலை வைத்திருப்பவர் என்று எல்லா வகையிலும் உண்டு. சிலர் ஆகியும் இருக்கிறார்கள். என் பெரியப்பா ஆகவில்லை. ஆனால் பத்துப் பதினைந்து வருடம் அந்த ஆசையோடு குடித்தனம் நடத்தினார். ஜெயித்தவர்களின் கதையைச் சொல்லக் கட்சிப் பத்திரிகை இருக்கிறது, பிறந்தநாள் சுவரொட்டி இருக்கிறது. பாதி வழியில் நின்றவர்களின் கதையை வீட்டுக்காரர்கள்தான் சொல்ல வேண்டும்.

தாத்தா காரமடைப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர். அரவேணு தாண்டிக் கோத்தகிரி போகிற வழியில் சின்ன மளிகைக் கடை போட்டார். பெரியப்பா தலையெடுத்த பிறகு அது உரமும் விதைக்கிழங்கும் விற்கிற கடையாக வளர்ந்தது. அப்புறம் மேட்டுப்பாளையத்தில் ஒரு கமிஷன் மண்டி. மேலே கடையை என் அப்பா பார்த்துக்கொள்ள, கீழே மண்டியைப் பெரியப்பா பார்த்துக்கொண்டார். நடுவில் 33 கிலோமீட்டர் மலைப்பாதை. ராத்திரி சரக்கு லாரியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து இறங்குவார். விடியற்காலை ஏலம் முடிந்து, பணம் பட்டுவாடா செய்து, மத்தியானம் பஸ்ஸில் ஏறி வீடு வந்து சேருவார். வேட்டியில் எப்போதும் பூண்டு வாசமும் சாக்குத் தூசியும் இருக்கும்.

மண்டி எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவருடைய அரசியல் முழுக்க அதிலிருந்து வந்ததுதான். கேரட் போடுகிற விவசாயிக்கு விதைக்கும் உரத்துக்கும் மருந்துக்கும் பணம் வேண்டும். பேங்குக்குப் போனால் சிட்டா, அடங்கல், ஜாமீன் என்று அலைச்சல். மண்டிக்காரர் அதே நாளில் கையில் கொடுத்துவிடுவார். பத்திரம் கிடையாது, கையெழுத்துக்கூடப் பாதி நேரம் கிடையாது. பதிலுக்கு அறுவடையான சரக்கு அந்த மண்டிக்குத்தான் வர வேண்டும். ஏலத்தில் என்ன விலைக்குப் போனாலும் நூற்றுக்கு இவ்வளவு என்று கமிஷன் கழியும், முன்பணமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழியும்.

அந்தச் சீட்டு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பழுப்புக் காகிதம். மேலே விவசாயி பெயரும் ஊரும். இடது பக்கம் மூட்டை, எடை, விலை. வலது பக்கம் கழிவு வரிசை: கமிஷன், லாரி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, சாக்கு, முன்பணம். எல்லாம் போக மிச்சத்தை அடிக்கோடிட்டுக் கீழே எழுதுவார். விலை அடிமாட்டு விலைக்குப் போகிற நாட்களில் அந்த மிச்சம் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். அதாவது முப்பது மூட்டை முட்டைக்கோஸ் அனுப்பியவன் லாரி வாடகைக்குக் கடனாளி ஆகிவிடுவான். அப்படிப்பட்ட சீட்டுகளில் பெரியப்பா கழித்தல் குறி போட மாட்டார். பூஜ்யம் போட்டு அனுப்பிவிட்டு, பாக்கியைப் பேரேட்டில் தனிப் பக்கத்தில் ஏற்றிக்கொள்வார். "வெவசாயி கையில மைனஸ் சீட்டக் குடுத்தா அவன் பொண்டாட்டி மூஞ்சில எப்பிடி முழிப்பான் கண்ணு?" என்பார்.

இதை நான் பெரிய தருமம் என்று சொல்ல வரவில்லை. அடுத்த அறுவடைக்கு அந்த ஆள் வேறு மண்டி வாசலை மிதிக்க மாட்டான் என்பதும் அதில் சேர்த்தி. பெரியப்பாவுக்கு இரண்டும் தெரியும், இரண்டையும் சேர்த்தே செய்தார். அப்பா மட்டும் ராத்திரி பேரேட்டைப் புரட்டிக்கொண்டு, இந்தத் தனிப் பக்கங்கள் எப்போது வசூலாகும் என்று முனகுவார். பெரும்பாலும் ஆகவில்லை. ஆனால் கல்யாணம், காது குத்து, எழவு என்று எது நடந்தாலும் அந்தப் பக்கங்களில் இருந்தவர்கள் எங்கள் வீட்டு வாசலில் முதலில் வந்து நிற்பார்கள். அரசியல் கட்சிக்காரர்களும் இதைப் பார்த்துக்கொண்டுதானே இருப்பார்கள்?

கடையில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் எச்.பி. ஆரி கவுடர் படம் ஒன்று மாட்டியிருந்தது. மலைக்கு வெளியே இருப்பவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்க வாய்ப்புக் குறைவு. இந்த மலையின் படகர் சமுதாயத்தில் முதல் பட்டதாரி, அந்தச் சமுதாயத்திலிருந்து சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குப் போன முதல் ஆள். ஹுப்பதலைக்காரர். அவருடைய அப்பா ராவ் பகதூர் பெள்ளி கவுடர், மலை ரயில் பாதை வேலையில் ஒப்பந்தக்காரராக இருந்தவர். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர்வரை 1899இலும், அங்கிருந்து ஊட்டிவரை 1908இலும் ரயில் ஓட ஆரம்பித்த பாதை அது. ஆக, ஒப்பந்தத் தொழிலில் கால் ஊன்றிய வீட்டிலிருந்து சட்டமன்றத்துக்குப் போகிற வழி இந்த மலையில் நூறு வருடத்துக்கு முன்பே போடப்பட்டுவிட்டது. ஹங்கேரியில் நடந்த உலகச் சாரணர் ஜாம்போரிக்கு இந்திய அணியை நடத்திப்போனவர் என்றும் ஆரி கவுடரைப் பற்றிச் சொல்வார்கள். பெரியப்பாவுக்கு அதிலெல்லாம் ஆர்வமில்லை. அவர் சொல்வது ஒன்றுதான்: "சங்கம் வெச்சாரு பாரு, அதுதான் வேல."

அவர் சொன்ன சங்கம் நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கம். எல்லோருக்கும் என்.சி.எம்.எஸ். என்றால்தான் புரியும். 1935இல் ஆரம்பித்தது. உருளைக்கிழங்கை அடிமட்ட விலைக்கு வாங்கிக்கொண்டு போன தரகர்களிடமிருந்து மலை விவசாயியைக் காப்பாற்ற, விவசாயிகளே சேர்ந்து சரக்கை மேட்டுப்பாளையத்தில் ஏலம் விடுவது என்ற ஏற்பாடு. இன்றைக்கும் அங்கே ஏலம் நடக்கிறது. சட்டமன்றத்தில் அவர் என்ன பேசினார் என்று கேட்டால் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. சங்கத்தைத் தெரியாதவர் இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், எந்தத் தரகர்களுக்கு எதிராக ஆரி கவுடர் அந்தச் சங்கத்தை வைத்தாரோ, அந்த வரிசையில் வந்து உட்கார்ந்தவர்தான் என் பெரியப்பா. சங்கத்து ஏலத்துக்கும் எங்கள் மண்டி ஏலத்துக்கும் தினமும் போட்டி. சங்கத்தில் கிலோவுக்கு எட்டணா கூடப் போனால் பெரியப்பாவுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. ஆனாலும் படத்துக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் பூ வைப்பார். ஒருமுறை இதைக் கேட்டேவிட்டேன். கோபப்படவில்லை. சங்கம் இல்லாமல் இருந்திருந்தால் மண்டிக்காரர்கள் இன்னும் மோசமாக இருந்திருப்பார்கள், தன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன் என்றார்.

1996இல் தமிழ்நாட்டில் பத்து வருட இடைவெளிக்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் வந்தது. பெரியப்பா பேரூராட்சி வார்டுக்கு நின்று சுலபமாக ஜெயித்தார். எனக்குத் தெரிந்து அவர் மிகவும் சந்தோஷமாக இருந்த காலம் அதுதான். தெருவிளக்கு எரியவில்லையா, மஸ்தூரைக் கூட்டிக்கொண்டு நேரே கம்பத்தடியில் போய் நிற்பார். குழாயில் தண்ணீர் வரவில்லையா, வால்வு திறக்கிறவர் வீட்டுக் கதவைத் தட்டுவார். கடை வாசலிலேயே மனு, கடை வாசலிலேயே தீர்வு. ஒரு மழைநீர்க் கால்வாய் கட்டினார், இன்றைக்கும் அடைக்காமல் ஓடுகிறது. ஒப்பந்தக்காரர் ஜல்லியில் கை வைக்கிறாரா என்று கல்லாவை விட்டு இறங்கிப் போய்ப் பார்த்தவர் அவர். வியாபாரிக்கு எடை தெரியும், அதனால் ஏமாற்றுவது கஷ்டம்.

அங்கேயே நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம். ஆனால் அதற்குள் தேயிலை விழுந்தது.

எங்கள் பக்கத்தில் காய்கறி போட்டுக்கொண்டிருந்த சின்ன விவசாயிகளில் பாதிக்கு மேல் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நிலத்தைத் தேயிலைக்கு மாற்றியிருந்தார்கள். காய்கறி மாதிரி நாளுக்கு நாள் விலை ஆடாது, மாதம் ஒரு தொகை வரும் என்ற நம்பிக்கை. பச்சைத் தேயிலையைப் பறித்துத் தொழிற்சாலைக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான். 1998இல் பச்சைத் தேயிலைக்கு நல்ல விலை. புது வீடு, ஸ்கூட்டர், பிள்ளைகளுக்குக் கோயம்புத்தூர் காலேஜ் என்று மலையே செழிப்பாக இருந்தது. அடுத்த இரண்டு வருடத்தில் விலை கிலோ ஐந்து ரூபாய் பக்கம் வந்து நின்றது. நீலகிரித் தேயிலையை வாங்கிக்கொண்டிருந்த ரஷ்யச் சந்தை ஆட்டம் கண்டது, இலைத் தரம் கெட்டது, மற்ற நாட்டுத் தேயிலையோடு போட்டி என்று காரணம் பல. பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று தோட்டத்தை அப்படியே விட்டவர்கள் உண்டு. மறியல், உண்ணாவிரதம், கடையடைப்பு என்று மாவட்டமே கொதித்தது. எங்கள் கடைப் பேரேட்டில் தனிப் பக்கங்கள் தடித்துக்கொண்டே போயின.

அந்தச் சமயத்தில் விவசாயிகள் கொஞ்சப் பேர் சேர்ந்து சென்னைக்கு மனு கொடுக்கப் போனார்கள். பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு போனார்கள், என்னையும் அவர் கூட்டிக்கொண்டார். கிளம்புகிற அன்று சாயங்காலம் பறித்த பச்சைத் தேயிலையை ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொண்டார். மந்திரி கையில் கொடுத்து, இது ஒரு கிலோ, இதற்கு ஐந்து ரூபாய்தான் தருகிறார்கள் என்று சொல்ல வேண்டுமாம். மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறும்போது இலை பச்சையாகத்தான் இருந்தது. விடிந்து சென்ட்ரலில் இறங்கிப் பார்த்தால் சூடேறிக் கறுத்து, நாற ஆரம்பித்திருந்தது. இலை ராத்திரி தாங்காது என்பது பெரியப்பாவுக்குத் தெரியாததா? அவசரத்தில் தோன்றவில்லை. கோட்டை வாசலில் போலீஸ்காரர் பையை வாங்கிப் பார்த்துவிட்டு ஓரமாக வைக்கச் சொன்னார். திரும்பி வரும்போது பை இல்லை.

பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்தோம். கால் மேல் கால் போடாதே என்று என்னை ஒருவர் அதட்டியது நினைவிருக்கிறது. எங்கள் மலைப் பிரச்சினை வந்தது. ஓர் உறுப்பினர் எழுந்து பேசினார், நன்றாகவே பேசினார். மணி அடித்தது. பதில் வந்தது: தேயிலை மத்திய அரசின் பொறுப்பில் வருவது, மத்திய அரசுக்குக் கடிதம் எழுதப்பட்டிருக்கிறது. அவ்வளவுதான். அடுத்தது வேறு ஏதோ மாவட்டத்துப் பாலம்.

பதிலில் பொய் ஒன்றும் இல்லை. தேயிலைச் சட்டம் 1953ஆம் வருடத்து மத்தியச் சட்டம். தேயிலை வாரியத்தின் தலைமையகம் கொல்கத்தாவில். குன்னூரில் அதன் மண்டல அலுவலகம் இருக்கிறது, ஏலமும் குன்னூரிலேயே நடக்கிறது. ஆனால் விலையை வாங்குகிறவன் வைக்கிறான். ஏல விலையில் விவசாயிக்கு 65, தொழிற்சாலைக்கு 35 என்று பங்கு பிரிக்கிற கணக்கு பிற்பாடு வந்தது, அதுவும் வாரியத்தின் வழியாகத்தான். மாநில அரசின் கையில் இருந்தது கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளும் அவற்றின் தலைச் சங்கமான இண்ட்கோசர்வும்தான். நியாயவிலைக் கடைகளில் 'ஊட்டி டீ' பாக்கெட் வந்தது அந்த வழியில். எங்கள் ஊர்க் கிழவிகள் அதை வாங்கிக் குடித்துப் பார்த்துவிட்டு, "நம்ம இலதானா இது?" என்று கேட்டார்கள்.

ரயிலில் திரும்பும்போது பெரியப்பா ஈரோடுவரை பேசவே இல்லை. அப்புறம் சொன்னார்: "மண்டியில நான் ஒருத்தன் நெனச்சா ஒருத்தனோட சீட்டுல பத்து ரூவா ஏத்தி எழுத முடியும். அங்க அத்தன பேரு உக்காந்திருக்காங்க, கிலோவுக்குப் பத்துப் பைசா ஏத்த ஒருத்தராலயும் ஆவல." சரி, இதோடு ஆசை விட்டுப்போகும் என்று நான் நினைத்தேன். அவருக்கு அங்கேதான் ஆசை பிடித்தது. அந்த உறுப்பினர் இரண்டாவது முறை எழுந்திருக்கவில்லை, தான் என்றால் எழுந்து நின்றிருப்பேன் என்பது அவர் கணக்கு. வியாபாரிக்கே உரிய நினைப்பு அது. பேரத்தில் முதல் விலைக்கு ஒத்துக்கொள்ளாதவர்கள் அவர்கள்.

ஆனால் நிற்பதற்கு இடம் இல்லை. குன்னூர் அப்போது தனித் தொகுதி. ஊட்டியிலோ கூடலூரிலோ போய் நிற்கலாம், சட்டம் தடுக்காது. ஆனால் அங்கே இவர் சீட்டு எழுதிக் கொடுத்த விவசாயிகள் இல்லையே? 2008 தொகுதி மறுசீரமைப்பில் குன்னூர் பொதுவாகி, கூடலூர் தனித் தொகுதி ஆனது. நீலகிரி நாடாளுமன்றத் தொகுதியும் தனியானது.

அடுத்த வருடம் நவம்பரில் அந்த மழை. கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது. மாவட்டம் முழுக்க மண்சரிவு, நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மலைச் சாலைகள் பல இடத்தில் அறுந்தன, கரண்ட் இல்லை, போன் இல்லை. பெரியப்பா கடைக் குடோனைத் திறந்துவிட்டார். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், மெழுகுவர்த்தி. அப்பா கணக்கு நோட்டோடு வாசலில் உட்கார்ந்தார், யாருக்கு எவ்வளவு என்று எழுதிக்கொண்டார். விலை எழுதவில்லை. ரோடு திறந்த பிறகு பாதிப் பேர் தாங்களாகவே வந்து கொடுத்தார்கள். மீதிப் பேர், "அண்ணா, அடுத்த எலெக்‌ஷன்ல நீங்கதான் நிக்கோணும்" என்றார்கள். பணம் கொடுத்தவர்கள் அப்படி எதுவும் சொல்லவில்லை என்பதை நான் கவனித்தேன்.

2011 தேர்தலுக்கு ஒரு கட்சியில் விருப்ப மனு போட்டார். கட்சி எது என்பது இங்கே முக்கியமில்லை, எல்லா இடத்திலும் நடைமுறை ஒன்றுதான். மனுவுக்குப் பணம் கட்ட வேண்டும், பிறகு தலைமை அலுவலகத்தில் நேர்காணல்.

நேர்காணலுக்கு முன்னால் ஒரு காரியம் செய்தார். எங்கள் மண்டியிலிருந்து அரசு மாணவர் விடுதிகள் சிலவற்றுக்குக் காய்கறி போய்க்கொண்டிருந்தது. பெரிய லாபமில்லை, ஆனால் வருடம் முழுக்க நிச்சயமான பணம். தெரிந்த வக்கீல் ஒருவர், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 9ஏ பிரிவைக் காட்டினார். மாநில அரசுக்குச் சரக்கு கொடுக்கிற ஒப்பந்தம், அரசு வேலையை எடுத்துச் செய்கிற ஒப்பந்தம், இந்த இரண்டில் ஒன்று நடப்பில் இருந்தால் சட்டமன்றத்துக்கு நிற்கத் தகுதியில்லை. வேட்பு மனு தாக்கல் செய்வதற்குள் முடித்துக்கொண்டால் போதும். பெரியப்பா அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை. சுத்தமாகப் போக வேண்டும் என்று, விருப்ப மனு போட்ட கையோடு ஒப்பந்தத்தை விட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். பத்து நாளில் அது பக்கத்து மண்டிக்குப் போனது.

நேர்காணலுக்கு நான் போகவில்லை, பெரியப்பா சொல்லிக் கேட்டதுதான். ஹாலில் நீலகிரியிலிருந்து மட்டும் ஒரு கூட்டம். உள்ளே கூப்பிட்டு ஒரு நிமிஷம்கூட இருக்காது. முதல் கேள்வி, என்ன சமுதாயம். இரண்டாவது, தொகுதியில் உங்கள் ஆட்கள் எத்தனை வோட்டு. பெரியப்பாவுக்கு இரண்டாவது கேள்வி புரியவில்லை. தன் பேரேட்டில் இருக்கிறவர்கள் எல்லாம் தன் ஆட்கள்தான் என்று நினைத்து ஓர் எண்ணைச் சொல்லியிருக்கிறார். கேட்டவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, எவ்வளவு செலவு செய்வீர்கள் என்றார். அந்தத் தேர்தலுக்குச் சட்டமன்ற வேட்பாளரின் செலவு வரம்பு 16 லட்சம் என்று அப்போதுதான் உயர்த்தியிருந்தார்கள். பேப்பரில் படித்ததை வைத்து, "பதினாறு லட்சமுங்க" என்றார் பெரியப்பா. உள்ளே இருந்த எல்லோரும் சிரித்தார்களாம். கேலியாகச் சிரிக்கவில்லை, பாசமாகத்தான் சிரித்தார்கள் என்று அவர் இன்றுவரை சொல்கிறார்.

பட்டியல் வந்தது. அவர் பெயர் இல்லை.

அதில் அநியாயம் நடந்துவிட்டது என்று என்னால் சொல்ல முடியாது. மலையில் படகர் வோட்டு இருக்கிறது, பட்டியல் சாதியினர் வோட்டு இருக்கிறது, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்கள் வோட்டு இருக்கிறது, மலையாளம் பேசுகிறவர்கள், கன்னடம் பேசுகிறவர்கள், பழங்குடிகள். கட்சிக்காரர்கள் எண்ணத் தெரிந்தவர்கள். கீழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்த குடும்பம் இரண்டு தலைமுறை கடை வைத்திருக்கிறது என்பதற்காகத் தொகுதியைத் தூக்கிக் கொடுத்துவிட மாட்டார்கள். கடன் வாங்கியவர்கள் நன்றியோடு இருப்பார்கள் என்பது உண்மை. நன்றியும் வோட்டும் வேறு வேறு பக்கத்தில் எழுதுகிற கணக்கு என்பதைப் பெரியப்பா ஒத்துக்கொள்ளவே இல்லை.

அவர் ஆகியிருந்தால் என்ன செய்திருப்பார் என்று சில சமயம் யோசிப்பேன். பெரியம்மாவின் தம்பி குடும்பம் பந்தலூர் பக்கம் இருக்கிறது, பிரிவு 17 நிலத்தில். அந்தப் பக்கம் போனால் 'செக்‌ஷன் பதினேழு' என்பதுதான் முதல் பேச்சு, கடைசிப் பேச்சு. கேரளத்து நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்துக்குப் பரம்பரைச் சொந்தமாக இருந்த 'ஜென்ம' நிலங்களை அரசு எடுத்துக்கொள்ள 1969இல் ஒரு சட்டம் வந்தது. சுமார் 80,000 ஏக்கர். அதில் குத்தகை எஸ்டேட்டுகள் இருந்த நிலம் 17ஆம் பிரிவில் மாட்டிக்கொண்டது. எஸ்டேட்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், தலைமுறை தலைமுறையாக இழுத்தது. நடுவில் அந்த நிலத்தில் வீடு கட்டிக்கொண்டவர்களுக்குப் பட்டா இல்லை, அதனால் கரண்ட் இல்லை. அந்த வீட்டில் பிள்ளைகள் சிம்னி விளக்கில் படித்ததை நான் பார்த்திருக்கிறேன். பெரியப்பா கவுன்சிலராக இருந்தபோது அதற்கும் மனு எழுதிக் கொடுத்தார். கூடலூரில் யார் எம்.எல்.ஏ. ஆனாலும் அதே மனுவைத்தான் வாங்குகிறார்கள், வனத்துறைக்கும் வருவாய்த்துறைக்கும் கோர்ட்டுக்கும் நடுவில் அதே சுற்றுச் சுற்றுகிறார்கள்.

கட்டடம் கட்டுவதும் அப்படித்தான். 1993 மலைப்பகுதிக் கட்டட விதிகளின்படி ஏழு மீட்டருக்கு மேல் உயரம் போகக் கூடாது. வீட்டு மேலே ஒரு ரூம் போட ஆசைப்படுகிறவர்கள் எல்லாம் எம்.எல்.ஏ. வீட்டு வாசலில்தான் நிற்பார்கள். விதி சரியான விதி, 2009 மழையைப் பார்த்தவர்கள் மறுக்க மாட்டார்கள். ஆனால் வாசலில் நிற்கிறவனிடம் அதைச் சொல்லிவிட்டு மறுபடி வோட்டுக் கேட்டுப் போக முடியுமா? பந்திப்பூர் வழியாக ராத்திரி ஒன்பது மணி முதல் காலை ஆறு மணிவரை வண்டி ஓடக் கூடாது என்பது கர்நாடகத்தில் போட்ட தடை, அங்கேயும் கோர்ட். 2024 மே 7 முதல் ஊட்டிக்கு வருகிற வண்டிகளுக்கு இ-பாஸ் வந்ததும் உயர் நீதிமன்ற உத்தரவால்தான். லாட்ஜ்காரர்கள் எம்.எல்.ஏ.வைப் பிடித்து உலுக்கினார்கள். அவர் என்ன செய்ய முடியும்?

எம்.எல்.ஏ. கையில் நேராக இருப்பது தொகுதி மேம்பாட்டு நிதி. இப்போது வருடத்துக்கு 3 கோடி. அதில் வருகிறவை பயணிகள் நிழற்குடை, சமுதாயக்கூடம், நியாயவிலைக் கடைக் கட்டடம், தடுப்புச் சுவர். மலையில் தடுப்புச் சுவர் உயிர் காக்கிற விஷயம், குறைத்துச் சொல்லக் கூடாது. நிழற்குடையில் மட்டும் பஸ் நேரத்தை விடப் பெயர்ப் பலகை பெரிதாக இருக்கும். பெரியப்பாவுக்கு இந்த வேலைகள் நன்றாக வந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சிமெண்டில் ஒரு சட்டி குறைந்தாலும் கண்டுபிடித்திருப்பார். இல்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில்தான் திணறியிருப்பார். மைனஸ் சீட்டுக்கூட எழுதாத ஆள், பட்டா வராது, மாடி கட்ட முடியாது என்று எத்தனை பேர் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பார்?

மண்டியை 2016 வாக்கில் விட்டுவிட்டார். காரமடையில் மகன் வீட்டில் இருக்கிறார். காலையில் பேப்பர் வந்ததும் முதலில் குன்னூர் ஏல நிலவரம், அப்புறம் மேட்டுப்பாளையம் காய்கறி விலை, அப்புறம்தான் அரசியல். மகன், எனக்கு அண்ணன் முறை, மளிகை மொத்த வியாபாரம் செய்கிறான், அரசு விடுதிகளுக்கும் சரக்கு போகிறது. கொஞ்ச நாளாக ஒரு கட்சிக்காரர்கள் அவனிடம் வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறார்கள். போன வாரம் நான் போயிருந்தபோது அவன் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னான். பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஹாஸ்டல் காண்ட்ராக்ட் எப்ப வரைக்கும் இருக்குது?"

"மார்ச் வரைக்குமுங்கப்பா."

"அத நீயா விட்டுக் கிட்டுத் தொலச்சராத. அவங்க பட்டியலப் போடட்டும், பேரு வருதான்னு பாத்துட்டு எழுதிக் குடுத்துக்கலாம்."